எழுபது வளைவும் டீசல் கணக்கும்

சேலத்தையும் நாமக்கல்லையும் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக மாம்பழத்தில் ஆரம்பித்து முட்டையில் முடிப்பார்கள். நடுவிலே ஜவ்வரிசியும் ராசிபுரம் நெய்யும் வந்து போகும். இவையெல்லாம் வாஸ்தவந்தான். ஆயினும் இந்தச் சமவெளியின் முக்கியமான விளைச்சல் எது என்று நம்மைக் கேட்டால், சக்கரம் என்றுதான் சொல்லுவோம். 1997-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி சேலம் ஜில்லாவிலிருந்து நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. பாகப் பிரிவினையில் மாம்பழமும் மாக்னஸைட்டும் இரும்பாலையும் சேலத்துக்குப் போயின; லாரி நாமக்கல்லுக்கு வந்து சேர்ந்தது. அன்று முதல் இன்று வரையில் நாமக்கல்லில் அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக் கொண்டதாகத் தெரியவில்லை.

கூட்டுறவு பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நமது நண்பர் ஒருவர், சமீபத்தில் பெரிய மோட்டார் வண்டி ஒன்று வாங்கினார். எஸ்.யூ.வி. என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த ஜாதி வண்டி. அதன் பின்புறத்தில் ‘டர்போ’ என்றும் ‘ஹைப்ரிட்’ என்றும் வெள்ளி எழுத்துக்கள் மின்னின. வண்டியின் பெயரை இங்கே சொல்லி விளம்பரம் செய்கிற உத்தேசம் நமக்கு இல்லை. அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் என்ன அர்த்தம், அவற்றை நம்பி மலையேறலாமா, இறங்கலாமா என்பதுதான் விஷயம். “சேலத்திலிருந்து நாமக்கல் போய், அங்கிருந்து கொல்லிமலை ஏறி இறங்கிப் பார்த்துவிடுவோம், சார்!” என்றார் நண்பர். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை நாளானபடியால் உடனே சம்மதித்தோம்.

தேசீய ரஸ்தாவில்

சேலத்தைத் தாண்டி மல்லூர் வந்ததும் ஊர்ச் சத்தம் அடங்கி ரஸ்தாவின் சத்தம் ஆரம்பமாகிறது. இது 44-ம் நம்பர் தேசீய ரஸ்தா. காஷ்மீரத்து ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிவது. அந்தத் தூரம் முழுவதையும் ஓட்டிப் பார்த்தவர்களைச் சந்திக்க வேண்டுமானால் டில்லிக்குப் போக வேண்டியதில்லை. ராசிபுரம் பக்கத்து டீக்கடை ஒன்றில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும்.

இரு பக்கமும் மரவள்ளித் தோட்டங்கள். ஆங்காங்கே அரைத்த மாவு வெயிலில் வெள்ளை வெளேரென்று காய்கிறது. அதற்கப்பால் நீண்ட தாழ்வாரங்களாகக் கோழிப் பண்ணைகள். கிழக்கே நீலக் கோடாகக் கொல்லிமலை. புதுச்சத்திரம் தாண்டியதும் எதிரே வருகிற லாரிகளின் நெற்றிகளைப் படித்துக் கொண்டே போவதில் ஒரு தனிச் சுவை உண்டு. அசாம் எண், குஜராத் எண், நாகாலாந்து எண் என்று பல வண்டிகள். ஆனால் நெற்றியில் எழுதியிருக்கும் குலதெய்வமோ நம்மூர்த் தெய்வம்!

நாமக்கல்லில் நாமகிரி என்னும் ஒற்றைப் பாறை ஊரின் நடுவே யானை படுத்தாற்போல் கிடக்கிறது. மேலே கோட்டை, கீழே கமலாலயக் குளம், பாறையைக் குடைந்து நரசிம்மருக்கும் ரங்கநாதருக்கும் கோயில்கள். எதிரே 18 அடி உயரமுள்ள ஆஞ்சநேயர், மேலே கூரையில்லாமல் வெயிலையும் மழையையும் தாங்கிக் கைகூப்பி நிற்கிறார். காற்றின் புதல்வரை லாரிக்காரர்கள் கும்பிடுவதில் வியப்பென்ன? அவர்கள் தொழிலும் காற்றை நம்பியதுதானே! சக்கரத்தில் காற்று, பிரேக்கில் காற்று, இப்போது எஞ்சினுக்குள்ளும் காற்று. இந்த மூன்றாவது காற்றைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பட்டறைத் துருத்தி

ஊருக்கு வெளியே லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சட்டமும் சக்கரமுமாக, சதையில்லாத எலும்புக் கூடுபோல் வந்து சேருகிற வண்டிக்கு இங்கேதான் உடம்பு கிடைக்கிறது. கொல்லர், தச்சர், வெல்டர், பெயிண்டர், மின்சாரக் கம்பி இழுப்பவர், கடைசியில் பூவும் மயிலும் வரைகிறவர் என்று ஒரு வண்டியில் எத்தனையோ குடும்பங்களின் சோறு அடங்கியிருக்கிறது. இத்தகைய பட்டறை ஒன்றுக்குப் பக்கத்தில், நம்மிடம் பத்தாவது வரையில் படித்த ஒரு பிள்ளை இப்போது எஞ்சின் வேலை செய்யும் கடை வைத்திருக்கிறார். நம்மைக் கண்டதும், “வாங்க சார், வாங்க!” என்று கையைத் துடைத்துக் கொண்டு ஓடி வந்தார்.

“டர்போ என்றால் என்ன, அப்பா? இவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்” என்றோம்.

அவர் பதில் சொல்லாமல், கழற்றி வைத்திருந்த லாரி டர்போ ஒன்றை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். இரண்டு நத்தை ஓடுகளை முதுகோடு முதுகாக ஒட்டினாற்போல் இருந்தது. “இந்தப் பக்கத்துச் சக்கரத்தை எஞ்சின் விடுகிற புகை சுத்துதுங்க சார். இரண்டுக்கும் ஒரே அச்சு. அதனால் அந்தப் பக்கத்துச் சக்கரமும் சுத்தி, வெளிக் காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ளே தள்ளுது. நம்ம பட்டறைத் துருத்திதானுங்க, ஆனா ஊதறதுக்குத் தனி ஆள் வேண்டாம், புகையே ஊதிக்குது” என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்தப் புஸ்தகமும் சொல்லிவிடாது. அடுப்பில் விறகை மட்டும் அதிகமாகத் திணித்தால் புகைதான் வரும். காற்றும் சேர்ந்தால்தான் ஜுவாலை. எஞ்சினும் அப்படியே. அதிகக் காற்று உள்ளே போனால் அதற்கேற்ற எண்ணெயை முழுவதும் எரிக்கலாம். சிறிய எஞ்சினிலிருந்து பெரிய எஞ்சினின் பலத்தை வாங்கலாம். 1905-ம் வருஷத்திலேயே ஆல்பிரட் பியூகி என்னும் ஸ்விட்ஜர்லாந்து எஞ்சினீயர் இந்த யோசனைக்குப் பேடண்ட் உரிமை பெற்றார். முதலில் கப்பல்களுக்கும் ரெயில் எஞ்சின்களுக்கும், அப்புறம் லாரிகளுக்கும் வந்தது. 1970-க்குப் பிறகுதான் சாதாரணக் கார்களில் பரவலாயிற்று. திருச்செங்கோட்டிலிருந்து தேசமெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகிற ரிக் வண்டிகளின் பெரிய டீசல் எஞ்சின்களிலும் இதே சாதனம் இருக்கிறது. ஆகையால் நண்பருடைய வண்டியில் பளபளக்கும் ‘டர்போ’ நம்மூருக்குப் புதிய விருந்தாளியல்ல; பழைய லாரிக்காரர் நல்ல சட்டை போட்டுக் கொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தச் சாதனத்துக்கு ஒரு குறை உண்டு. புகை வேகமாக வந்தால்தான் சக்கரம் வேகமாகச் சுற்றும். சக்கரம் சுற்றினால்தான் காற்று வரும். காற்று வந்தால்தான் அதிகப் புகை உண்டாகும். கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணமாகும் என்ற கதை! ஆகவே நின்ற வண்டியைக் கிளப்பும்போதும், மெதுவாகப் போகிற வண்டியை மிதித்துக் கிளப்பும்போதும், ஒரு கணம் ஏமாற்றுவது போலிருக்கும். இந்த ஏமாற்றத்தைப் போக்கத்தான் இரண்டாவது வார்த்தை வருகிறது.

ஹைப்ரிட் என்னும் வார்த்தை

சைக்கிள் டைனமோவை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும். அதே மாதிரி யந்திரத்துக்கு மின்சாரத்தைக் கொடுத்தால் அது தானே சுற்றும். மோட்டாரும் டைனமோவும் ஒரே ஆசாமியின் இரண்டு வேஷங்கள். ‘மைல்டு ஹைப்ரிட்’ வண்டியில் இந்த இரட்டை வேஷக்காரரை ஒரு பெல்ட்டினால் எஞ்சினோடு பிணைத்திருக்கிறார்கள். பிரேக் போடும்போதும் சரிவில் உருளும்போதும் அவர் டைனமோவாகி, வீணாகப் போகும் வேகத்தை மின்சாரமாக்கிச் சிறு பாட்டரியில் சேர்க்கிறார். வண்டி கிளம்பும்போது மோட்டாராகி, சேர்த்ததை எஞ்சினுக்குக் கைகொடுக்கச் செலவழிக்கிறார். டர்போ விழித்துக் கொள்ளும் வரையில் தள்ளி விடுவது இவர் கைங்கரியம். சிக்னலில் நின்றால் எஞ்சின் அணைந்துவிடும். காலை எடுத்ததும் ஓசையில்லாமல் இவர் அதைக் கிளப்பிவிடுவார்.

பல வண்டிகளில் இந்தப் பாட்டரி 48 வோல்ட். அதற்கும் காரணம் உண்டு. நேர் மின்சாரம் 60 வோல்ட்டுக்கு உட்பட்டிருந்தால், மனிதர் உடம்புக்கு ஆபத்தில்லாமல் காக்கும் பெரிய ஏற்பாடுகள் தேவைப்படுவதில்லை. ஆகவே செலவு குறைகிறது.

நமது தேசத்தில் 2015-ம் வருஷம் மாருதி கம்பெனியார் சியாஸ் டீசல் காரிலும் எர்டிகாவிலும் சிறிய அளவில் இதைக் கொண்டு வந்தார்கள். 2019-ல் எம்.ஜி. ஹெக்டர் என்னும் எஸ்.யூ.வி.யில் டர்போ பெட்ரோல் எஞ்சினும் 48 வோல்ட் ஏற்பாடும் சேர்ந்து வந்தன. 2025-ல் டொயோட்டா பார்ச்சூனர் டீசல் வண்டிக்கும் அந்த 48 வோல்ட் வந்து சேர்ந்தது. நமது ராஜ்யத்திலேயே, செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் இவ்விதமான டர்போ எஸ்.யூ.வி.க்கள் பூட்டி முடிக்கப்படுகின்றன. அந்தக் கம்பெனியின் எஞ்சின்களை 2015 முதல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்னும் இந்தியக் கம்பெனியார் சென்னைக்கருகே பூட்டிக் கொடுத்து வருகிறார்கள். பூட்டுவது நம்மவர், வரைவது வேறு தேசத்தார். வரைகிற கையும் நம்முடையதாகும் நாளை எண்ணி, கணக்குப் பாடத்தை இன்னும் கொஞ்சம் ஊக்கமாக நடத்த வேண்டியதுதான்!

நிற்க. ‘ஹைப்ரிட்’ என்ற ஒரே வார்த்தை இரண்டு விதமான வண்டிகளுக்கு வழங்குவதால் வருகிற குழப்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. ‘ஸ்டிராங் ஹைப்ரிட்’ என்பது எஞ்சினை அணைத்துவிட்டு, மின்சாரத்தை மட்டும் கொண்டு கொஞ்ச தூரமாவது ஓடக்கூடியது. ‘மைல்டு ஹைப்ரிட்’ சாதாரணமாக அப்படி ஓடாது. அது எஞ்சினுக்கு உதவியாள், எஜமானர் அல்ல. 2022-ல் வெளிவந்த கிராண்ட் விட்டாரா என்னும் வண்டி, ஒரே பெயரில் இரண்டு வகையாகவும் விற்பனைக்கு வந்தது. விலையில் லட்சக் கணக்கில் வித்தியாசம். கவர்ன்மெண்டார்கூட ஆரம்பத்தில் மைல்டு ஹைப்ரிட்டுக்கும் மானியம் கொடுத்து வந்து, 2017-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் அதை நிறுத்திவிட்டார்கள். நண்பரோ, தமது வண்டி பாதி தூரம் மின்சாரத்திலேயே ஓடும் என்று வீட்டு அம்மாளிடம் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருந்தார்! உண்மையில் மிச்சமாவது சாதாரணமாக நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரையில் இருக்கலாம். அதுவும் நின்று நின்று போகிற நகரத்து வீதியில்தான் அதிகம். ஒரே சீராக ஓடுகிற 44-ம் நம்பர் ரஸ்தாவில் சொற்பமே.

இதைக் கேட்டு நண்பரின் முகம் வாடிற்று. “போகட்டும், சார். மலையில் என்ன செய்கிறது பார்ப்போம்” என்றார்.

ஓரியின் மலையில்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடைந்தால் மலையடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஒரே அம்பினால் பல விலங்குகளை வீழ்த்தியவன் என்று சங்கப் பாட்டு அவனைப் புகழ்கிறது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் விழாவும் நடக்கிறது. அவன் காலத்தில் 70 வளைவுகள் இருந்திருந்தால் பகைவர்கள் பாதி வழியிலேயே தலைசுற்றித் திரும்பியிருப்பார்கள்.

வண்டி ஏறிற்று. நண்பரின் முகத்தில் மறுபடியும் களை வந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஏறக்குறைய நின்று, திரும்பி, மறுபடியும் செங்குத்தாக ஏற வேண்டியிருக்கிறது. டர்போ தூங்குகிற இடம் இதுவே. ஆனால் அந்தப் பெல்ட் மோட்டார் சரியான சமயத்தில் தோள் கொடுத்ததை உட்கார்ந்திருந்த நாமே உணர்ந்தோம். இன்னொன்றும் கவனித்தோம். அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறியதும் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைந்து போகிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவு பலம் குறையும். டர்போ வண்டிக்கோ துருத்தி சற்று வேகமாகச் சுற்றி அந்தக் குறையை ஈடு செய்துவிடுகிறது.

சோளக்காட்டில் வண்டியை நிறுத்தியதும் நண்பர் உடனே எஞ்சினை அணைக்கப் போனார். தடுத்தோம். மாணவர் சொல்லியனுப்பிய பாடம் அது. கார்களின் டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. மலையேறியதும் அது கொதித்துக் கொண்டிருக்கும். அதன் அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். எஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, தங்கிய எண்ணெய் கருகிப் போகும். ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு அணைப்பது நல்லது. எண்ணெயையும் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். மலையேறி வந்த குதிரைக்கு மூச்சு வாங்க அவகாசம் கொடுப்பதில்லையா?

மேலே மிளகும் காப்பியும் அன்னாசியும் பலாவும் விளைகிற குளிர்ந்த பூமி. அறப்பளீசுவரர் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகளின் எண்ணிக்கையைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டோம்.

இறங்கும்போதுதான் கணக்கு

“இனி இறக்கந்தானே? பாட்டரி நிரம்பி வழியும், பிரேக்குக்கும் வேலையில்லை” என்றார் நண்பர். இந்த இடத்தில்தான் பள்ளிக்கூடத்துக் கணக்குக்கு வேலை வந்தது.

ஆட்களோடு சேர்ந்து வண்டியின் எடை 2,000 கிலோ என்று வைத்துக் கொள்வோம். அது 1,000 மீட்டர் கீழே இறங்கினால் வெளிப்படும் சக்தி சுமார் ஐந்தரை யூனிட். வீட்டு மின்சாரக் கட்டணச் சீட்டில் பார்க்கிறோமே, அதே யூனிட். 48 வோல்ட் பாட்டரியில் எவ்வளவு பிடிக்கும்? ஒரு யூனிட்டுக்கும் குறைவு. பலவற்றில் அதில் பாதிகூட இல்லை. அண்டா நிறையப் பாலைக் கறந்து உழக்கில் பிடிக்கிற கதை! எழுபது வளைவுகளில் பத்துப் பன்னிரண்டு இறங்குவதற்குள் பாட்டரி நிரம்பிவிடும் என்பது நமது உத்தேசக் கணக்கு. காற்றும் சக்கர உராய்வும் தின்றது போக மிச்சமுள்ள சக்தியெல்லாம் எங்கே போகும்? ஒன்று, எஞ்சின் அதைத் தாங்க வேண்டும். அல்லது பிரேக் தாங்கிச் சூடேற வேண்டும். அளவுக்கு மிஞ்சிச் சூடேறிய பிரேக், மிதித்தாலும் பிடிக்காது.

ஆகவே எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்ன வேதவாக்கு, வெள்ளி எழுத்து வண்டிக்கும் பொருந்தும். நண்பர் இரண்டாவது கியரில் போட்டார். எஞ்சின் முனகிக் கொண்டே வண்டியைப் பிடித்தது. பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதுமாயிருந்தது. முகப்பிலே பாட்டரியைக் காட்டும் கோடு சீக்கிரமே நிரம்பி அசையாமல் நின்றதை நண்பர் மௌனமாகப் பார்த்தார்.

இவ்விஷயத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சேலத்துக்கு வடக்கே, தர்மபுரியிலிருந்து வரும் இதே 44-ம் நம்பர் ரஸ்தாவில், தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. அங்கே நடந்த கோர விபத்துக்களைப் பத்திரிகைகளில் எத்தனையோ தடவை படித்திருக்கிறோம். டீசலை மிச்சப்படுத்த எண்ணி, பாரம் ஏற்றிய வண்டியை நியூட்ரலில் போட்டு உருள விடுவது அந்த விபத்துக்களுக்கு ஒரு காரணமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இதில் பரிதாபம் என்னவென்றால், அந்த மிச்சமே பொய்! இக்காலத்து எஞ்சின்களில், வண்டி கியரில் இருக்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. எண்ணெய் பாய்வது அடியோடு நின்றுவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் தானே அணையாமல் ஓட வேண்டும். அதற்கு எண்ணெய் செலவாகும். ஆக, கியரில் இறங்குகிறவனுக்கு டீசலும் மிச்சம், உயிரும் மிச்சம். நியூட்ரலில் இறக்குகிறவன் இரண்டையும் பணயம் வைக்கிறான்; தன் உயிரை மட்டுமல்ல, எதிரிலும் முன்னாலும் போகிற குடும்பங்களின் உயிரையும். எந்திரம் மாறிவிட்டது, அப்பன் காலத்துப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

காதும் கம்ப்யூட்டரும்

கீழே வந்ததும் மாணவரின் கடையில் மறுபடியும் காப்பி. கையடக்கமான பலகை ஒன்றை வண்டியில் மாட்டி, “ஒரு கோளாறும் இல்லைங்க” என்றார். பிறகு நண்பர் அப்பால் சென்றதும் தாழ்ந்த குரலில் சொன்னார்: “எங்கப்பா எஞ்சின் மேல ஸ்குரூ டிரைவரை வெச்சு, காதைக் கொடுத்துக் கேட்டே கோளாறைக் கண்டுபிடிச்சுடுவார், சார். இப்போ காதுக்கு மதிப்பில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிங்கள்ள புகைக்கு ஒரு வடிகட்டி, யூரியாத் தண்ணி, அதுக்கெல்லாம் தனித்தனி சென்ஸார். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஸ்கேனர். இதிலே மின்சார மோட்டாரும் சேர்ந்திடுச்சு. படிக்கணும், இல்லாட்டிக் கடையைச் சாத்தணும்.”

“படிக்கிறாயா?” என்று கேட்டோம்.

“ராத்திரியிலே படிக்கிறேனுங்க சார். அப்போ நீங்க சொல்லிக் கொடுத்த மின்சாரப் பாடத்தைக் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்னு தோணுது” என்று சிரித்தார்.

சிரித்துவிட்டோமே தவிர, விஷயம் சிரிக்கக் கூடியதல்ல. சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் எத்தனையோ ஆயிரம் கைகள், புஸ்தகம் இல்லாமல் கண்ணாலும் காதாலும் இந்தத் தொழிலைக் கற்றவை. அந்தக் கைகள்தான் நள்ளிரவில் நடுக்காட்டில் நின்ற லாரிகளைக் கிளப்பி வீடு சேர்த்தவை. எஞ்சினுக்குள் மின்சாரமும் கம்ப்யூட்டரும் புகுந்த பிறகு அவர்களை வெளியே நிறுத்திவிட்டால், நஷ்டம் அவர்களுக்கு மட்டுமல்ல; ஊருக்கே. இவர்களுக்கு வேண்டியது தானமல்ல. தாய்மொழியில் தெளிவாக எழுதிய பாடமும், தொழிற்பயிற்சிப் பள்ளியில் மாலை நேரத்து வகுப்பும், பழுது பார்க்கும் விவரத்தை மூடி வைக்காத கம்பெனிகளுமே வேண்டும்.

வண்டி வாங்க நினைக்கிற குடும்பங்களுக்கு நாம் சொல்லக் கூடியது சுருக்கமானது. டர்போவும் இந்தச் சிறு ஹைப்ரிட்டும் நல்ல கருவிகள்; நமது மலைகளுக்கும் நமது நகர நெரிசலுக்கும் ஏற்றவை. ஆனால் வெள்ளி எழுத்தைப் பார்த்துப் பணத்தை எண்ணாமல், “மின்சாரத்தில் மட்டும் எவ்வளவு தூரம் ஓடும்?” என்று ஒரே ஒரு கேள்வியைக் கடையில் கேளுங்கள். நண்பர் அதைக் கேட்டிருந்தால் வீட்டிலே வாக்குத் தவறியவர் ஆகியிருக்க மாட்டார். வண்டி வாங்கின பிறகு, மலையிலிருந்து இறங்கும்போது கையைக் கியரில் வையுங்கள். நம்பிக்கையை மட்டும் பாட்டரியில் வைக்காதீர்கள்.